கல்லூரி ஆட்டக்காரரின் தகுதி விதிகள்

கல்லூரியிற் பயிலும் மாணாக்கர்க்கு ஆட்டமும் ஒரு கல்வியே என்பதை இக்காலத்தில் மறுப்பார் எவருமிலர். ஆயின், கல்லூரியின் பேரால் ஆடத் தக்கவர் யாவர், அத்தகுதியை அளப்பது எங்ஙனம், அளக்கும் அதிகாரம் எவர்க்கு உரியது என்னும் வினாக்கள் எழும்பொழுது கருத்து வேற்றுமைகள் பலவாகின்றன. கல்லூரியின் பெயரை மார்பில் தாங்கிக் களத்தில் இறங்குவோர் மெய்யாகவே அக்கல்லூரியின் மாணாக்கர்தாமா? அன்றி, வெற்றி வேண்டி எங்கிருந்தோ வருவிக்கப்பட்டவரா? இவ்வினா நெடுங்காலமாகப் பெரும் வாதப்பிரதிவாதங்களுக்கு இடமாயிருந்து வரும் தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே விதிகள் தோன்றியதும், மாறியதும், மாறியதன் காரணமும் நம் நண்பர்கள் அறிந்துகொள்ளத் தக்கவை. அவற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாட்டில் இரு கல்லூரிகள் ஒன்றோடொன்று எதிர்த்து நடத்திய முதற் பந்தயம் 1852-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்தது. ஹார்வர்டு, யேல் என்னும் இரு கல்லூரிகளின் மாணாக்கர்கள் நியூ ஹாம்ஷயர் நாட்டு ஏரியொன்றில் படகோட்டினார்கள். அப்பந்தயத்தின் செலவை ஏற்றது கல்லூரியன்று. ஒரு ரயில்வே கம்பெனி. வேடிக்கை பார்க்க வரும் ஜனங்கள் ரயிலில் ஏறுவர் என்பது கம்பெனியாரின் கணக்கு. ஆகவே கல்லூரிப் பந்தயமும் வியாபாரமும் அந்நாட்டில் ஒரே நாளிற் பிறந்தன என்னலாம். 1855-ம் வருஷத்தில் இவ்விரு கல்லூரிகளும் மறுபடியும் போட்டியிட்டபோது, ஹார்வர்டுப் படகின் சுக்கானைப் பிடித்தவர் படிப்பை முடித்துக் கல்லூரியை விட்டு நீங்கியவர். இவர் ஆடத் தக்கவர்தாமா என்ற கேள்வி அப்போதே கிளம்பிவிட்டது.

பின்னர் வந்த ஐம்பது ஆண்டுகளில் நிலைமை மேலும் சீர்கெட்டது. அமெரிக்கர் கால்பந்து என வழங்கும் ஆட்டம் நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுவோரைத் தாக்கி வீழ்த்துவதும் அதன் முறை. அவ்வாட்டத்திற் கீர்த்தி பெறவேண்டி, கல்லூரிகள் பலவகைத் தந்திரங்களைக் கைக்கொண்டன. ஒரு கல்லூரியில் ஒரு பருவம் ஆடிவிட்டு, அடுத்த பருவம் வேறொரு கல்லூரிக்குச் செல்லும் நாடோடி ஆட்டக்காரர் கூட்டம் ஒன்று உண்டாயிற்று. அவர்களிற் பலர் வகுப்பறையின் வாயிலைக்கூடக் கண்டிலர். 1904-ல் யேல் கல்லூரிக் குழுவின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹோகன் என்பவர்க்கு இலவச வாசமும், கியூபா தேசத்துக்கு உல்லாசப் பிரயாணமும், அவ்வூரில் விற்பனையாகும் ஒருவகைச் சிகரெட்டுக்குத் தரகுப் பணமும் கிடைத்தன என்பது அக்காலப் பத்திரிகைகளிலே வெளிவந்து ஜனங்களைத் திகைப்பித்தது.

இவ்வொழுங்கீனத்தைத் தடுக்க முற்பட்டவர்களுள் மத்தியமேற்கு நாட்டுச் சர்வகலாசாலைகளின் தலைவர்களைக் குறிப்பிடல் வேண்டும். 1895-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சிகாகோ நகரிற் கூடி, அவர்கள் ஆலோசித்து வகுத்த விதி எளிய சொற்களாலானது: முழுநேரமும் கல்லூரியிற் பயில்பவராய், பாடங்களிற் பின்னடையாதவராய் உள்ள மாணாக்கர் மட்டுமே ஆடலாம். பின்னாளிற் பெருகிய விதிகள் யாவற்றுக்கும் இதுவே வித்து எனலாம். 1906-ல் அச்சபையார் மேலும் இரு விதிகளைச் சேர்த்தனர். ஒருவர் கல்லூரியிற் சேர்ந்து ஒரு வருஷம் வாசஞ்செய்த பின்னரே ஆடுதல் வேண்டும்; ஆடுங்காலமும் மூன்று வருஷத்துக்கு மிகுதல் ஆகாது. முதல் விதி நாடோடி ஆட்டக்காரரைத் தடுப்பது. இரண்டாவது, மாணாக்கர் என்ற பேரால் என்றும் நீங்காதிருப்போரை நீக்குவது. இவற்றின் பொருத்தத்தை விளக்கவும் வேண்டுமோ?

1905-ம் வருஷத்தில் அவ்வாட்டத்தால் 18 பேர் மாண்டனர் எனச் சிகாகோப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. அவர்களிற் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி. அப்போது ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று கல்லூரியாரையும் தம் மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். அவ்வாண்டின் முடிவில் 62 கல்லூரிகள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தன. 1910-ல் அச்சங்கம் தேசியக் கல்லூரி ஆட்டச் சங்கம் என்னும் பொருள்படப் புதுப்பெயர் பெற்றது. என்.சி.ஏ.ஏ. என்னும் நான்கு எழுத்துக்களால் இன்று உலகறிந்த சங்கம் அதுவே. உயிரைக் காக்கத் தோன்றிய சங்கம் காலப்போக்கில் தகுதியை அளக்கும் சங்கமாயிற்று.

ஆயினும், தொடக்கத்தில் அச்சங்கத்தின் விதிகள் அறிவுரைகளாகவே இருந்தன. மீறினாரைத் தண்டிக்கும் வலிமை அதற்கில்லை. 1929-ல் கார்னெகி ஸ்தாபனத்தார் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை நேரிற் சென்று ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான கல்லூரிகள் ஆட்டக்காரர்க்கு மறைமுகமாகவோ வெளிப்படையாகவோ பொருளுதவி செய்தமையை எடுத்துக்காட்டியது. 1948-ல் சங்கத்தார் துணிந்து ஒரு சட்டம் இயற்றினர். பொருள் நெருக்கடியுடைய ஆட்டக்காரர்க்குக் கல்லூரிச் சம்பளம் மட்டும் உதவலாம், அதற்கு மேல் உதவுதல் குற்றம் என்பது அதன் சாரம். அறிவுடைமைச் சட்டம் எனப் பொருள்படும் பெயரால் அதை அழைத்தனர். 1950-ல் ஏழு கல்லூரிகள் அச்சட்டத்தை மீறியதாகக் குற்றஞ்சாட்டி, அவற்றை நீக்குவதற்கு வாக்கெடுத்தார்கள். நீக்குக என்றோர் 111. வேண்டாம் என்றோர் 93. மூன்றில் இரு பங்கு கிடையாமையால் நீக்கம் கைகூடவில்லை. மறு ஆண்டே அச்சட்டமும் கைவிடப்பட்டது. ஊரிற் பெரும்பாலோர் மறைவில் மீறும் விதியை உறுதியாக நிறைவேற்றுதல் எவர்க்கும் இயலாது என்ற உண்மையை இதனால் அறிகிறோம்.

1956-ல் அச்சங்கம் எதிர்த்திசையில் அடியெடுத்து வைத்தது. பொருள் நெருக்கடி இருப்பினும் இல்லாவிடினும், ஆட்டத் திறமை ஒன்றையே கருதி உபகாரச் சம்பளம் அளிக்கலாம் என்று இசைந்தது. இவ்விடத்தில் ஒரு துயர நிகழ்ச்சியைக் கூறாதிருத்தல் கூடாது. 1955-ல் கொலராடோ நாட்டுச் சிறு கல்லூரியொன்றில் ரே டெனிசன் என்னும் மாணாக்கர் ஆட்டத்தில் அடிபட்டு மாண்டார். அவருடைய மனைவி, தொழிலாளர்க்குரிய நஷ்டஈட்டைத் தமக்கும் அளிக்கவேண்டுமென வழக்காடினார். 1957-ல் அந்நாட்டு மேல் நியாயஸ்தலம், மாண்டவர் தொழிலாளர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளுக்கு அஞ்சியே அக்காலத்தில் சங்கத்தார் ஆட்டக்காரர் என்னும் சொல்லை விடுத்து, மாணவ ஆட்டக்காரர் என்னும் கூட்டுச் சொல்லை எங்கும் வழங்கச் செய்தனர் என்று அச்சங்கத்தின் தலைமை அதிகாரியாயிருந்த வால்டர் பையர்ஸ் பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கிறார். ஒருவரை மாணாக்கர் எனச் சொல்லுதல் ஒரு கௌரவம். அதே சொல் ஓர் இளங்கைம்பெண்ணின் உதவியை மறுக்கும் கருவியாகவும் அமைந்ததை எண்ணுந்தோறும் உள்ளம் வருந்துகிறது.

இனி, படிப்பைப் பற்றிய விதிகளை நோக்குவோம். 1965-ல் இயற்றிய விதியின்படி, கல்லூரியில் ஒருவர் பெறக்கூடிய சராசரித் தரம் நான்குக்கு 1.6 ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டாலன்றி அவர்க்கு உபகாரச் சம்பளம் இல்லை. 1973-ல் இது நீக்கப்பட்டு, உயர்தரப் பள்ளியில் நான்குக்கு இரண்டு என்னும் சராசரி போதுமென்றாயிற்று. எப்பாடத்தில் அச்சராசரி என்று கேட்பாரில்லை. எளிய பாடங்களைத் தேடி எடுத்துத் தரத்தைக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் பரவிற்று.

இதன் விளைவு கெவின் ராஸ் என்பாரின் வரலாற்றில் வெளிப்பட்டது. அவர் 1978 முதல் நான்கு ஆண்டுகள் கிரைட்டன் சர்வகலாசாலையின் பேரால் கூடைப்பந்து ஆடியவர். 1982-ல் கல்லூரியை விட்டு வெளிவந்தபோது அவர்க்கு வாசிக்கும் திறமை இரண்டாம் வகுப்புச் சிறுவன் அளவுக்கே இருந்தது. நாணத்தைப் பொருட்படுத்தாமல் அவர் சிகாகோவிலுள்ள ஓர் ஆரம்பப் பள்ளியிற் சேர்ந்து, சிறு பிள்ளைகளின் நடுவே அமர்ந்து எழுத்துக் கற்றார். டெக்ஸ்டர் மேன்லி என்னும் புகழ்பெற்ற கால்பந்து வீரரும், தாம் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் கழித்தும் வாசிக்கத் தெரியாதிருந்ததை 1989-ல் அமெரிக்கச் செனட் சபையோரின் முன்னிலையிற் கண்ணீரோடு கூறினார். நண்பர்களே, இவர்கள் ஆடத் தகுதியுடையவர் என்று ஆண்டுதோறும் ஒப்பமிட்ட கைகள் எத்தனை! தகுதி விதி காகிதத்தில் நிறைவேறிற்று, கல்வி நிறைவேறவில்லை.

ராஸின் செய்தி பரவிய காலத்திலேயே, 1983-ல், நாற்பத்தெட்டாம் தீர்மானம் எனப் பெயர்பெற்ற விதி இயற்றப்பட்டு 1986-ல் நடைமுறைக்கு வந்தது. முதலாண்டிலேயே ஆட விரும்புவோர், உயர்தரப் பள்ளியில் பதினொரு முக்கியப் பாடங்களில் நான்குக்கு இரண்டு என்னும் சராசரி பெறுதல் வேண்டும், அதனோடு எஸ்.ஏ.டி. என்னும் பொதுப் பரீட்சையில் 1600-க்கு 700 மார்க்காவது, அல்லது ஏ.சி.டி. என்னும் மற்றொரு பரீட்சையில் 15 ஆவது பெறுதல் வேண்டும். முன்னதில் மிகக் குறைந்த மார்க்கே 400 ஆதலால், 700 என்பது பெரிதன்று எனச் சிலர் கூறினர். வேறு சிலரோ, வறிய பள்ளிகளிற் படித்த கறுப்பின மாணாக்கரே இவ்விதியால் மிகுதியும் தடுக்கப்படுவர் என்று அஞ்சினர். அவ்வச்சம் வீண்போகவில்லை, தகுதியிழந்தோரிற் பெரும்பாலோர் அம்மரபினரே.

இரண்டனுள் ஒன்றை மட்டும் நிறைவேற்றியோர் உபகாரச் சம்பளம் பெறலாம், ஆனால் முதலாண்டில் ஆடலாகாது என்று முன்னர் ஒரு சலுகை இருந்தது. 1989 ஜனவரியில் அச்சலுகையையும் நீக்கத் தீர்மானித்தனர். உடனே ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்ஸன், ஆட்டம் தொடங்கும் வேளையில் களத்தை விட்டு வெளியேறித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். ஏழைப் பிள்ளையைக் களத்தில் நிறுத்திவைப்பது ஒன்று; கல்லூரியின் வாயிலையே அடைப்பது வேறொன்று என்பதே அவர் பக்கத்து நியாயம். மறு ஆண்டே அத்தீர்மானம் தளர்த்தப்பட்டது. பின்னர்ப் பள்ளித் தரம் உயர்ந்திருந்தால் பரீட்சை மார்க்குக் குறைந்திருப்பினும் ஆகும் என்னும் ஏற்ற இறக்கக் கணக்கு வந்தது. 2008 முதல் முக்கியப் பாடங்கள் பதினாறாயின. ஈற்றில், 2023 ஜனவரியில், பொதுப் பரீட்சை மார்க்கு வேண்டும் என்ற விதி முதலிரண்டு பிரிவுக் கல்லூரிகளிலும் அறவே நீக்கப்பட்டது. வாயிலில் மட்டும் அளந்து உள்ளே கைவிடும் குறையைப் போக்க, 2003-ல் வேறொரு விதியும் செய்தனர். அதன்படி பட்டத்துக்குரிய படிப்பில் இரண்டாம் ஆண்டின் முடிவில் நூற்றுக்கு 40, மூன்றாமாண்டின் முடிவில் 60, நான்காமாண்டின் முடிவில் 80 பங்கு நிறைவேறியிருத்தல் வேண்டும். நாம் அறிந்த விதிகளுள் மாணாக்கரின் நன்மையை நேரே நாடுவது இதுவே என்று துணிந்து கூறுவோம்.

பெண்மக்களின் ஆட்டங்களுக்கு 1971-ல் தனிச் சங்கமொன்று அமைந்தது. ஆடவர் ஆட்டத்திற் புகுந்த ஊழல் தம்மிடம் அணுகலாகாது என்று, உபகாரச் சம்பளம் பெறும் பெண்கள் ஆடத் தகுதியற்றவர் என அச்சங்கத்தார் விதித்தனர். எண்ணம் நல்லதே, ஆனால் ஆடவர்க்குக் கிட்டும் உதவி பெண்டிர்க்கு மறுக்கப்படுவதாயிற்று. 1973-ல் புளோரிடா நாட்டுக் கல்லூரிப் பெண்கள் வழக்குத் தொடுக்கவே, அவ்விதி கைவிடப்பட்டது. தூய்மையைக் காக்கும் விதியும் நீதிக்கு மாறாகலாம் என்பதற்கு இது சான்று.

கல்லூரி மாறும் விதியும் அவ்வாறே பெருமாற்றம் எய்தியது. கால்பந்து, கூடைப்பந்து முதலிய பெரிய ஆட்டங்களில், ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றிற் சேர்ந்தவர் ஒரு வருஷம் ஆடாது காத்திருத்தல் வேண்டும் என்பது நெடுநாள் விதி. நாடோடி ஆட்டக்காரரை ஒழிக்கப் பிறந்த விதி அது. ஆனால் பயிற்சியாளர்கள் பெருஞ்சம்பளம் நாடி, எவ்விதத் தடையுமின்றிக் கல்லூரி மாறுவதைக் கண்ட ஆட்டக்காரர், எமக்கு மட்டும் ஏன் இத்தளை என்று வினவினர். 2021-ல் ஒரு முறை தடையின்றி மாறலாம் என்று சங்கம் இசைந்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியா நியாயஸ்தலம் எஞ்சிய தடையையும் நிறுத்திவைத்தது. 2024 முதல் படிப்பிற் குறைவில்லாதவர் எத்தனை முறை மாறினும் உடனே ஆடலாம் என்றாயிற்று. ஒரே ஆட்டக்காரர் நான்கு ஆண்டில் மூன்று கல்லூரிகளைக் காண்பது இப்பொழுது அரிதன்று. அவர் பெற்ற பாடங்களில் எவை புதிய கல்லூரியில் ஏற்கப்படும் என்பதே அவர் பெரிதும் கருதவேண்டிய கேள்வி.

பொருளைப் பற்றிய மாற்றமோ இவை அனைத்தையும் விஞ்சியது. ஆட்டத்தால் காசு பெற்றவர் தகுதியிழப்பர் என்பது அச்சங்கத்தின் அடிப்படைக் கொள்கையாக இருந்துவந்தது. இதற்கிடையே தொலைக்காட்சி உரிமைகளால் சங்கமும் கல்லூரிகளும் கோடிக்கணக்கான டாலரை ஈட்டின. 2019-ல் கலிபோர்னியா நாடு, ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்து ஊதியம் பெறலாம் என்று சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 21-ந் தேதி, படிப்போடு தொடர்புடைய உதவிகளுக்குச் சங்கம் எல்லை விதித்தது சட்டவிரோதம் என்று ஐக்கிய நாடுகளின் உச்ச நியாயஸ்தலத்து ஒன்பது நியாயாதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்த்தனர். அடுத்த ஜூலை முதல் தேதியன்று விளம்பர ஊதியத் தடையைச் சங்கமும் நீக்கிற்று. 2025 ஜூன் 6-ந் தேதி நியாயாதிபதி கிளாடியா வில்கன் அங்கீகரித்த உடன்படிக்கையின்படி, முன்னாள் ஆட்டக்காரர்க்கு ஏறக்குறைய 280 கோடி டாலர் ஈடு செய்யப்படும். கல்லூரிகள் தாமே ஆட்டக்காரர்க்கு நேராகப் பணம் அளிக்கவும் செய்யலாம். முதலாண்டில் ஒரு கல்லூரி அளிக்கத்தக்க உச்ச அளவு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

அவ்வுடன்படிக்கையில் நம் கருத்தை மிகவும் கவர்வது ஊதியமன்று. உபகாரச் சம்பளம் இத்துணை பேர்க்கே என்னும் எல்லையை நீக்கி, குழுவில் இத்துணை பேரே இருக்கலாம் என்னும் எல்லையை அதனிடத்தில் வைத்தனர். இதனால், உதவி எதையும் வேண்டாது, ஆட்டத்தின்மேற் கொண்ட ஆர்வத்தால் குழுவிற் சேர்ந்து பயிற்சி செய்துவந்த சாதாரண மாணாக்கர் பலர் இடமிழக்கும் நிலை நேர்ந்தது. நியாயாதிபதி இதனை எடுத்துக்காட்டி உடன்படிக்கையைத் தாமதிக்கவே, அவ்வாறு இடமிழந்தோரை எண்ணிக்கையிற் சேர்க்காது ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. ஆயினும் இனி வருவோர்க்கு அச்சலுகை இல்லை. 1895-ல் எவரைக் காக்க விதி பிறந்ததோ, அந்தப் படிக்கும் மாணாக்கரே நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் களத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்.

ஆண்டுக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது முதற் பிரிவுக் கல்லூரிகளின் பொது விதியாக வேரூன்றியது. கொள்ளைநோய்க் காலமாகிய 2020-21-ம் ஆண்டைக் கணக்கிற் சேர்க்காது விட்டனர், அது கருணையின்பாற்பட்டது. 2024 டிசம்பரில் டியேகோ பாவியா என்னும் கால்பந்து வீரர், இரண்டாண்டுக் கல்லூரியில் தாம் ஆடிய காலத்தைக் கணக்கிடலாகாது என வழக்காடி இடைக்கால உத்தரவு பெற்றார். அதன்பின் இத்தகைய வழக்குகள் பெருகின. ஊதியம் பெருகும்போது, கல்லூரியை விட்டு நீங்க மனம் வாராமையும் பெருகுகிறது போலும்.

இவ்வரலாற்றினின்று நாம் பெறத்தக்க பயன் யாது? தகுதி விதி ஒவ்வொன்றும் ஒரு வேலி. வேலி பயிருக்காகவே எழுப்பப்படுவது. கல்லூரியின் மானத்தைக் காத்தல், போட்டியின் சமநிலையைக் காத்தல், மாணாக்கரின் கல்வியைக் காத்தல் என மூன்று காரணங்கள் எப்பொழுதும் ஒருங்கே கூறப்பட்டன. ஆனால் இம்மூன்றும் முரணியபோது, மூன்றாவதே பெரும்பாலும் கைவிடப்பட்டது. கெவின் ராஸுக்கு ஆடும் தகுதி இருந்தது, வாசிக்கும் தகுதி வாய்க்கவில்லை. டெனிசனுக்கு மாணாக்கர் என்ற பெயர் இருந்தது, அவர் மனைவிக்கு ஆதரவு இல்லை. விதியை மாற்றுவோர் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி, இம்மாற்றத்தால் ஆட்டம் ஓய்ந்த பிறகு அந்த இளைஞரின் கையில் எஞ்சுவது யாது என்பதே.

நம் நாட்டிலும் ஆட்டத் திறமையைக் கருதிக் கல்லூரியில் இடமளிக்கும் வழக்கம் உண்டு. அவ்விடத்தைப் பெற்றோர் நம்மோடு ஒரே வகுப்பில் அமர்கின்றனர். அவர்கள் வெற்றியோடு திரும்பும் நாளில் ஆரவாரிப்பது எளிது. பந்தயத்தின் பொருட்டு அவர்கள் தவறவிட்ட பாடத்தை ஆசிரியர் மீண்டும் விளக்குவதும், உடன்பயில்வோர் தம் குறிப்பேட்டைக் கொடுத்து உதவுவதும் அதனினும் சிறந்த ஆரவாரமாகும். எந்தச் சங்கத்தின் விதிப்புத்தகத்திலும் எழுதப்படாத இவ்விதியை ஒவ்வொரு கல்லூரியும் தனக்குத் தானே விதித்துக்கொள்ளுமாயின், ஆடுவோர் யாவரும் மெய்யான மாணாக்கராகவே விளங்குவர்.